கதறி அழும் மனைவி காந்தா

1

இந்தக் கதை பத்தொன்பது வார்த்தையில் ஆரம்பித்தது. எழுதியவன் நான். ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், மூன்று பத்தி அகலப் படத்துக்குக் கீழே, சின்னத் தடித்த எழுத்தில் வந்தது:

"பழவேற்காடு அருகே கடலில் மாயமான கணவரை நினைத்து, நேற்று கரையில் கதறி அழும் மனைவி காந்தா. அவரைத் தேற்றும் மாமியார் பச்சையம்மா. (உள்படம்) மீனவர் நீலமேகம்."

இதில் ஊர் நிஜம். நீலமேகம் மாயமானது நிஜம். பெயர்கள் நிஜமாக இருந்தன; கதைக்காக மாற்றிவிட்டேன், ஆகவே அவையும் இப்போது போய்விட்டன. 'நேற்று' பொய். 'கதறி' பொய். 'அழும்' பொய். 'தேற்றும்' என்பது, இரண்டாவது வரி பாதியில் நின்று அசிங்கமாகத் தெரிந்ததால் இடத்தை அடைக்கப் போட்டது.

இந்த வார்த்தைகளால் ஒரு பெண் கரையை இழந்தாள். கரை என்றால் காற்று வாங்கும் இடம் அல்ல. தோணி வந்ததும் மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் சுமந்துபோய் விற்றுப் பிழைத்தவள் அவள். இன்றைக்கு அவள் வந்து நின்றால் ஒரு தோணிகூடத் தண்ணீரில் இறங்காது. எழுத்தால் பறித்ததை எழுத்தால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை காத்திருந்து என்னைத் திட்டாதீர்கள்.

2

இருபத்திரண்டு வருடம் படக்குறிப்பு எழுதினேன். செய்தி எழுதுகிறவனுக்குப் பெயர் வரும், படம் எடுக்கிறவனுக்கும் மூலையில் பெயர் வரும். படக்குறிப்பு எழுதுகிறவனுக்கு எதுவும் வராது. இந்த வசதி எனக்குப் பிடித்திருந்தது.

படக்குறிப்புக்கு என்று தனி இலக்கணம் உண்டு. யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகப் பழகிக்கொண்டது. பெரிய மனிதர் படத்தில் இருந்தால் வாக்கியம் முழுசாக முடியும். "அமைச்சர் நலத்திட்ட உதவிகளை வழங்கினார். உடன், ஆட்சியர் உள்ளிட்டோர்." வழங்கினார் என்று கம்பீரமாக வினைச்சொல் வந்து உட்காரும். வாங்கிக்கொண்டவருக்கு அது கிடையாது. அவர் 'பயனாளி', அவ்வளவுதான்.

ஏழைகளைப் பற்றிய வாக்கியம் முடியவே முடியாது. சாலை மறியலில் ஈடுபட்ட பெண்கள். வெள்ளத்தில் தவிக்கும் மக்கள். கதறி அழும் மனைவி. செயலை முன்னால் கட்டி, ஆளைப் பின்னால் தொங்கவிட்டு, ஒரு புள்ளி. அமைச்சர் வழங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அழும் மனைவி அழுதுகொண்டே இருப்பாள். அந்தப் பக்கத்தில் பஜ்ஜி மடித்தாலும் உள்ளே அழுதுகொண்டிருப்பாள்.

இன்னொன்று கவனித்தீர்களா? நேற்று என்று போட்டுவிட்டு 'அழும்' என்கிறோம். நேற்று அழுதவள் எப்படி இன்றும் அழுவாள்? வீட்டில் யாராவது இப்படிப் பேசினால் சிரிப்போம். பத்திரிகையில் யாரும் சிரிப்பதில்லை.

செத்தவர்களுக்கு உள்படம். ரேஷன் கார்டிலிருந்தோ வாக்காளர் அட்டையிலிருந்தோ எடுத்து, தபால்தலை அளவில் ஒரு மூலையில் ஒட்டுவோம். உள்ளே இருப்பவர்தான் வெளியே போனவர்.

[இந்தக் கடைசி வாக்கியம் சாமர்த்தியமாக இருக்கிறது. சாமர்த்தியம்தான் என் வியாதி. அடிக்க மனம் வரவில்லை, கிடக்கட்டும்.]

3

ஆரம்பம், முதல் முயற்சி: "கடல் அன்று அமைதியாக..." வேண்டாம். அமைதியாக இல்லை.

இரண்டாம் முயற்சி: "காந்தாவுக்கு நீலமேகத்தைக் கட்டிவைத்தபோது..." எனக்கு அது தெரியாது. நான் அங்கே இல்லை.

மூன்றாம் முயற்சி கொஞ்ச தூரம் போனது. கதையை அப்படியே ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், காலத்துக்குத் தள்ளிவிட்டேன். முந்நூறு வருடம் பின்னால் போய்விட்டால் என்னைப் பிடிக்க முடியாது என்ற கணக்கு. பழவேற்காட்டில் அதற்கு வேண்டியதெல்லாம் கிடக்கிறது. கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒவ்வொரு பலகைக் கல்லிலும் இன்னார் இங்கே கிடக்கிறார் என்று அவர்கள் மொழியில் வெட்டியிருக்கிறது. அதுவும் படக்குறிப்புதான். கம்பெனிக்காரன் என்பதால் செத்த பிறகும் முழு வாக்கியம்.

எழுதியது இப்படி:

"1683. கோட்டைக்குக் கிழக்கே, கம்பெனியின் படம் வரைபவன் முக்காலி போட்டு உட்கார்ந்தான். கரையில் அம்மணி என்ற மீன்காரப் பெண் வலையை உதறிக்கொண்டிருந்தாள். காற்று அவன் தொப்பியைத் தூக்கி ஏரியில் போட்டது. அம்மணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் அதை வரைந்தான். அறைக்குப் போய் மை ஏற்றும்போது, சிரிப்பைத் தன் ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள் என்று யோசித்துக் கன்னத்தில் இரண்டு சொட்டு சேர்த்தான். கீழே எழுதினான்: கணவனைக் கடலுக்குக் கொடுத்த சோழமண்டலக் கரைப் பெண். படம் கப்பல் ஏறிப் போனது. அம்மணி வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்."

இங்கே கதை நின்றுவிட்டது. அம்மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. புருஷன் சாயங்காலம் வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பான். அவளைப் பற்றிய பொய் அவளுக்குத் தெரியாத மொழியில், அவள் போகாத ஊரில், யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒல்லாந்தன் என்னைவிட நல்லவன் என்று சொல்லவில்லை. அவன் எழுதியது காலை ஆறரை மணி பஸ்ஸில் கட்டாக வந்து அவள் குப்பத்து டீக்கடையில் விழவில்லை. நான் எழுதியது விழுந்தது.

ஆகவே திரும்பி வருகிறேன்.

4

ஐப்பசி மாதம். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போன நீலமேகத்தின் படகு மூன்று நாளாகத் திரும்பவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஞானதாஸ் போன் செய்தான். பொன்னேரியிலிருந்து எங்களுக்குப் படம் அனுப்புகிறவன்.

"சார், படம் அனுப்பிட்டேன். ஆனா அந்தம்மா அழுவ மாட்டேங்குது."

"அதிர்ச்சியில இருப்பாங்கய்யா."

"அது இல்ல சார். இந்தக் குப்பத்துல ஒரு பழக்கம். ஆம்பள தண்ணி மேல இருக்கிற வரிக்கும் பொண்டாட்டி கண்ணு நனையக் கூடாதாம். கரையில நின்னு அழுதுட்டா அவன் திரும்ப மாட்டானாம். மூணு நாளா அப்படியே குந்திக்கினு இருக்குது. பாத்தா நமக்குத்தான் அழுவ வருது."

படம் வந்தது. மணலில் ஒரு பெண். முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் காய்ந்திருந்தது. இரண்டு கையும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்த பிடியில் விரல் வெளுத்திருந்தது.

நான் பார்த்த படங்களிலேயே மிகப் பெரிய அழுகை அதுதான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. பக்கப் பொறுப்பாளர் இளங்கோவன் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கு. அழற படம் இல்லையா?"

ஏழு மணிக்குப் பக்கம் முடிய வேண்டும். ஞானதாஸைக் கேட்டேன். "மாசியில நண்டு சீசனுக்கு எடுத்தது ஒண்ணு இருக்குது சார். அதே அம்மாதான், மாமியாரும் கூட இருக்காங்க" என்றான்.

வந்த படத்தில் காந்தா குனிந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி, கண்ணை இறுக மூடியிருந்தாள். பச்சையம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பதினெட்டு வார்த்தை எழுதினேன். கடைசியில் (கோப்புப் படம்) என்று சேர்த்தேன். இளங்கோவன், "பழைய அழுகைன்னு நாமளே சொல்லுவோமா?" என்று கேட்டார். அதை எடுத்துவிட்டு 'நேற்று' போட்டேன், பத்தொன்பது ஆனது.*

காலையில் பேப்பர் குப்பத்துக்குப் போனது. மத்தியானம் நீலமேகத்தின் உடல் வலை சுற்றியபடி தெற்கே காட்டுப்பள்ளிப் பக்கம் ஒதுங்கியது. செத்து மூன்று நாள் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. காலையில் பேப்பரில் அழுதாள், மத்தியானம் பிணமாக வந்தான். குப்பத்துக்கு இந்த வரிசை போதுமானதாக இருந்தது.

* (கோப்புப் படம்) என்ற அந்த இரண்டு வார்த்தை இருந்திருந்தால் காந்தா இன்றைக்குக் கரையில் இருந்திருப்பாள். எத்தனையோ விழாப் படங்களுக்கு அதைத் தண்டமாகப் போட்டிருக்கிறேன்.

5

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அனுப்பம்பட்டில் ரயில் ஏறி அவள் ஆபீசுக்கு வந்தாள். கையில் அந்தப் பக்கம், நான்காக மடித்து.

"இத எழுதுனது யாரு சார்?"

நான்தான் என்றேன்.

"நான் அழுவல சார். மூணு நாளும் ஒரு சொட்டு வுடல. தொண்டையில வந்து வந்து நிக்கும், முழுங்கிக்கினு குந்தியிருந்தேன். அவரு வந்துடுவாருன்னு. நீங்க அழுதேன்னு போட்டுட்டீங்க."

"இந்தப் படம்..."

"அது சிரிச்ச போட்டா சார்! அன்னிக்கி போட்டாகாரரு எங்க ஊட்டுக்காரர வலையத் தோள்ல போட்டுக்கினு படகு ஓரத்துல கெத்தா நில்லுன்னாரு. நின்னாரா, வழுக்கி சேத்துல வுழுந்தாரு, வலை மேலயே சுத்திக்கிச்சு. எழுந்துக்க முடியாம மீனு மாதிரி துள்றாரு. நானும் அத்தையும் சிரிச்சோம் பாருங்க, வயிறு வலிச்சிப் போச்சு. அவரும் சிரிச்சாரு." சொல்லும்போது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பின் ஓரம் வந்து உடனே போய்விட்டது. "இப்ப நான் தண்ணியாண்ட போனா தோணிய நிறுத்திடறாங்க சார். புருஷன அழுது கொன்னவளாம். அழுவலன்னு ஒரு வரி போடுங்க. அது போதும்."

"உங்க மாமியார் சொல்ல மாட்டாங்களா? அவங்களும்தானே படத்துல..."

அவள் பேப்பரை மடித்தாள்.

இளங்கோவனிடம் போனேன். "சிரிச்ச படத்தை அழுத படம்னு போட்டுட்டோம்னு நாமளே எழுதிக்கவா? பேர்ல பிழைன்னா வருந்துகிறோம் போடலாம். இதுக்கு எங்கே வருந்தறது?" என்றார். திரும்பி வந்து அவளிடம், "பார்க்கலாம்மா" என்றேன். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. அப்படியும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

[இங்கே ஒன்றைத் திருத்த வேண்டும். நான்காம் பகுதியில், வந்த படத்தில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்ததைப்போல எழுதியிருக்கிறேன். அது பொய். படத்தின் இடது பாதியில், சேற்றில், வலைக்குள் காலைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் கிடந்தான். முகமெல்லாம் சேறு. யாரோ குறுக்கே விழுந்து கிடக்கிறான், சோகம் கெடுகிறது என்று நான்தான் அவனை வெட்டினேன். அந்த முகத்தை இன்னும் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் பெண்கள் ஏன் அப்படிக் குனிந்திருக்கிறார்கள் என்று புரிந்திருக்கும். பார்க்கவில்லை. அவனை வெளியே எறிந்துவிட்டு, அவனையே ரேஷன் கார்டிலிருந்து எடுத்து உள்படமாக ஒட்டினேன்.]

இந்தப் பாத்திரத்தை, அதாவது என்னை, எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இன்னொருவன் எழுதிய கதையாக இருந்தால் பாதியில் மூடி வைத்திருப்பேன்.

6

ஓய்வு பெற்ற பிறகுதான் துணிச்சல் வந்தது, சம்பளம் நின்ற பிறகு வரும் துணிச்சல். ஞானதாஸ் முழுப் படத்தையும் பழைய டிஸ்க் ஒன்றில் வைத்திருந்தான். பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டேன். இதை ஊருக்கு நடுவில் காட்டினால் போதும், விழுந்து கிடக்கிற ஆளைப் பார்த்ததும் சிரிப்பு என்று யாருக்கும் புரியும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

காந்தா இப்போது தோணிரேவு என்ற ஊரில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்தக்காரரிடம் கூட்டிப் பெருக்கும் வேலை. "வேணாம் சார்" என்றாள் முதலில். பிறகு என் பின்னாலேயே வந்தாள். குப்பத்துத் தெருமுனையில் நின்றுகொண்டாள்.

பச்சையம்மா வாசலில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு, என் பத்தொன்பது வார்த்தையும் படமும் மாட்டியிருந்தது. கண்ணாடிக்கு மேல் மஞ்சள், குங்குமம். ஒரு படக்குறிப்புக்குப் பொட்டு வைத்து நான் பார்த்தது அங்கேதான்.

நான் யார் என்று சொல்லி, முழுப் படத்தைக் கொடுத்தேன். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவள் படத்தைத் தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, இடது பாதியில் வந்து நின்றாள். விரலால் அந்தச் சேற்று முகத்தைத் தொட்டாள்.

"எம் புள்ள" என்றாள்.

"ஆமாம்மா. அன்னிக்கு அவர் விழுந்தாரே, நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவாட்டு மேல் ஈ மொய்த்தது. யாரும் விரட்டவில்லை.

"இன்னா சாரு பேசற? புள்ள வுழுந்து கெடக்கறான். வலைக்குள்ள மாட்டிக்கினு கெடக்கறான் பாரு. இவ அழுவறா. நான் தேத்தறேன்." கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அவன் கெடக்கறப்ப பெத்தவ சிரிப்பாளா? சொல்லுங்க."

ஒரு பெண் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, வலைக்குள்ளயே கெடக்கறானே" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

அழுததற்கு அதுவரை என் வரி மட்டும்தான் சாட்சி. இப்போது முழுப் படமும் சாட்சியாகிவிட்டது. எடுத்துக்கொண்டு போனவன் நான்.

பச்சையம்மா பொய் சொன்னாளா என்று கேட்கிறீர்கள். நானும் இந்த இடத்தில் இரண்டு நாள் பேனாவை மூடி வைத்தேன். அவளைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மகன் வலைக்குள் துள்ளியபோது அவள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். எட்டு மாதத்தில் அவன் அதேபோல ஒரு வலையோடு கரை ஒதுங்கினான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படித் தூங்குவாள்? நான் இடத்தை அடைக்கப் போட்ட 'தேற்றும்' அவளுக்கு ஒண்டிக்கொள்ள இடம் கொடுத்துவிட்டது. அதைப் பிடுங்கினால்தான் மருமகளுக்குக் கரை கிடைக்கும். பிடுங்க எனக்குக் கை வரவில்லை. வந்திருந்தாலும் அவள் கொடுத்திருக்க மாட்டாள்.

7

முடிவுகள்.

அ) பச்சையம்மா ஒரு நாள் விடியற்காலையில் தோணிரேவுக்கு நடந்து போய், "வாம்மே, ஊட்டுக்கு வா" என்கிறாள். இருவரும் கரைக்குப் போகிறார்கள். தோணிகள் இறங்குகின்றன. [எழுதும்போதே கை கூசுகிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை.]

ஆ) இந்தக் கதை அச்சாகிறது. குப்பத்தில் யாரோ படித்துக் காட்டுகிறார்கள். உண்மை தெரிந்துவிடுகிறது. [கதை என்று தலையில் போட்டு வருவதை அங்கே எவன் நம்புவான்? பேப்பரில் வந்தால்தான் நிஜம். அந்த நம்பிக்கையை வளர்த்தவர்களில் நானும் ஒருவன்.]

இ) நடந்தது.

தெருமுனையில் காந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள். பஸ் நிற்கும் இடம் வரை நடந்தோம். "மன்னிச்சிடும்மா" என்றேன்.

"வுடு சார். அத்தைக்கு அது வேணும். அதையும் புடுங்கிட்டா அது செத்துப் போயிடும்."

"உனக்கு?"

"உடம்பு வந்த அன்னிக்காவது அழுவலாம்னு பாத்தேன். எல்லாம் என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தாங்க. வரல. இன்னி வரிக்கும் வரல." கையை நீட்டினாள். "அந்தப் போட்டாவுல அவரு இருக்கற பாதிய மட்டும் குடு சார். எங்க ரெண்டு பேரையும் வெட்டிடு. கீழ ஒண்ணும் எழுதாத."

எதிர்க் கடையில் கத்திரிக்கோல் வாங்கிவந்தேன். இரண்டாவது முறையாக அந்தப் படத்தை அதே இடத்தில் வெட்டினேன். இந்த முறை பெண்களை எறிந்தேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். சேறும் வலையும். தூக்கிய இரண்டு கால். பல் மட்டும் தெரியும் ஒரு முகம்.

குனிந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை.

பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன்.

அவள் குனிந்து நின்ற அந்தப் படத்துக்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். ஏழு மணிக்குப் பக்கம் முடிய வேண்டும். உங்கள் கையில் ஒரு வார்த்தை ஏற்கெனவே வந்திருக்கும், எனக்கும் அப்படித்தான் வந்தது. எழுதுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நான் இரண்டு தடவையும் கேட்கவில்லை.